லத்தீஃப் என்னும் திருநாமம்

இராஜபாளையத்து நூற்பாலைகளில் நூலின் சன்னத்தை நம்பரால் குறிப்பர். ஒரு பவுண்டு எடைக்கு 840 கெஜச் சிட்டங்கள் எத்தனை தேறுமோ, அதுவே அந்நூலின் நம்பர். ஆகவே 40-ஆம் நம்பரினும் 100-ஆம் நம்பர் மெல்லியது. அருகிலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தாலோ, 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவின் பதத்தை எந்த எண்ணாலும் உரைத்துவிட இயலாது. பாலும் சீனியுமே பொருள்கள். சட்டியை இறக்கும் வேளையைக் கிண்டுபவரின் கண்ணும் கையுமே அறியும்.

இவ்வாறு பொருளுக்குள் உறைந்து நிற்கும் நுண்மையை அரபியில் ‘லத்தாஃபத்’ என்பர். ‘லத்தீஃப்’ அதே வேரிலிருந்து பிறந்த சொல். பிள்ளைக்கு அப்துல் லத்தீஃப் எனப் பெயரிட்டு, ‘லத்தீபு’ எனச் சுருக்கி அழைக்கிறோமே, அந்த இறைநாமத்தின் பொருள் யாது? நுட்பமானவன் என்பார் சிலர். மென்மையுடன் அருள்பவன் என்பார் சிலர். இரண்டும் சரியே.

திருக்குர்ஆனில் இத்திருநாமம் ஏழு இடங்களில் வருகிறது. அவற்றுள் ஐந்தில், யாவும் நன்கறிந்தவன் எனப் பொருள்படும் ‘கபீர்’ என்பதோடு இணைந்தே வருகிறது. பாறைக்குள் மறைந்த கடுகளவையும் இறைவன் வெளிக்கொணர்வான் என்று லுக்மான் தம் மகனுக்கு உரைக்குமிடத்தில் (31:16) நுண்மையே மேலோங்குகிறது. அடியார்க்கு உணவளிப்பதைக் கூறும் 42:19-இல் மென்மை.

இரண்டும் ஒன்றாகும் இடம் யூசுஃப் நபி (அலை) அவர்களின் வரலாறு. உடன்பிறந்தோரால் கிணற்றில் எறியப்பட்டு, அற்ப விலைக்கு விற்கப்பட்டு, சிறையிலும் கிடந்தவர்கள் அவர்கள். பெற்றோரை அரியணையில் அமர்த்திய நாளில்தான் இறைவனை இத்திருநாமத்தால் போற்றுகிறார்கள் (12:100). கிணறு எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. அதன் வழியே அரண்மனைக்கு நீண்ட பாதை எவர்க்கும் தெரியவில்லை. நோயிலும் கடனிலும் தவிக்கும் அன்பர்கள் இந்த வசனத்தை நிறுத்தி நிதானமாக ஓதுவார்களாக.

இதே வேர்ச்சொல் மனிதர்க்கும் ஆளப்பட்டுள்ளது. குகைவாசிகள் தம்முள் ஒருவரை வெள்ளிக்காசுடன் தூய உணவு வாங்க அனுப்புகையில், கடைத்தெருவில் பக்குவமாக நடந்துகொள்ளச் சொல்கிறார்கள் (18:19). ‘வல்யதலத்தஃப்’ என்னும் அச்சொல்லைக் குர்ஆனின் நடுச்சொல்லாகக் கருதி, சில பதிப்புகளில் சிவப்பு மையில் அச்சிடுவதுண்டு.

பெருநாளன்று ஏழை உறவினர்க்கு அரிசி அனுப்புகிறோம். தெருவே காணத் தலைச்சுமையாய் அனுப்புவோரும் உண்டு. இருட்டிய பின் சிறு பிள்ளையிடம் கொடுத்து, “அம்மா தரச் சொன்னார்கள்” என்று மட்டும் சொல்லச் செய்வோரும் உண்டு. அரிசி ஒன்றே. ஆனால் பின்னதை வாங்கியவர், மறுநாள் நம்மைக் கண்டால் தலை கவிழ்ந்து செல்வதில்லை.