மிளகாய்த் தோட்டத்திற் பொறிவண்டுகளைப் பேணுதல்

தை, மாசி மாதங்களிலே கோப்பாய், உரும்பிராய், சுன்னாகம் முதலிய செம்மண் பகுதிகளில் மிளகாயும் பயற்றையும் தளிர்க்குங் காலத்து, இளந்தளிர்களின் கீழ்ப்புறத்தே அழுக்கணவன் கூட்டங்கூட்டமாய் மொய்ப்பதைக் கமக்காரர் யாவரும் அறிவர். அது சாற்றை உறிஞ்சுவதனால் தளிர் சுருங்கும், செடி குன்றும். இதனைக் கண்டவுடன் தெளிகருவியை எடுப்பதே பலரது வழக்கம். ஆயின், அதே செடியில் அப்பூச்சியைத் தின்றுகொண்டிருக்கும் பொறிவண்டும் அம்மருந்தினால் மடிகின்றது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

பொறிவண்டை இனங்காணல்

பொறிவண்டு பிளந்த பயறுபோல் மேற்புறங் குவிந்த சிறு வண்டாகும். நம் தோட்டங்களிற் காணப்படும் வகைகளுள் ஒன்று, மஞ்சள் முதுகிலே வளைந்து செல்லும் கருங்கோடுகளை உடையது. மற்றொன்று செம்மஞ்சள் நிறத்திற் கரும்பட்டைகளை உடையது. இவை அழுக்கணவன் கூட்டத்தின் அருகே மஞ்சள் நிற முட்டைகளை நிமிர்த்தி அடுக்கி இடும். சில நாட்களில் வெளிவரும் குடம்பி, கருநிறமாய், சிறு முதலையைப்போல் நீண்டிருக்கும். இதனைத் தீய புழுவென எண்ணி நசுக்குவோர் பலர். உண்மையில், கூட்டுப்புழுவாகு முன்னர் நூற்றுக்கணக்கான அழுக்கணவன்களை உண்பது இக்குடம்பியே.

பொறிவண்டுகளைப்போல் தோன்றும் பகை வண்டும் ஒன்றுண்டு. கத்தரி, பாகல் இலைகளைச் சுரண்டிச் சல்லடையாக்கும் எபிலக்னா வண்டே அது. நன்மை செய்யும் வண்டின் முதுகு வழவழப்பாய் மின்னும். எபிலக்னாவின் முதுகோ நுண்மயிர் படர்ந்து மங்கியிருக்கும். அதில் 28 வரையான கரும்புள்ளிகள் உண்டு. அதன் குடம்பி மஞ்சள் நிறத்தது. உடலெங்குங் கிளைத்த முட்களை உடையது. இதனை மட்டுங் கையாற் பொறுக்கி அழித்தல் வேண்டும்.

மருந்தினால் வரும் கேடு

கலிபோர்ணியாவின் தோடைத் தோட்டங்கள் ஒருவகைச் செதிற்பூச்சியால் அழியுந் தறுவாயில் இருந்தபோது, 1888–89 இல் அவுஸ்திரேலியாவிலிருந்து ஒரு பொறிவண்டு கொண்டுவரப்பட்டது. சிறிது காலத்திலேயே பூச்சி அடங்கியது. 1940களின் பிற்பகுதியில் அங்கு டீ.டீ.ரீ. தெளிக்கப்பட்ட தோட்டங்களில் வண்டுகள் மடிய, செதிற்பூச்சி மீண்டும் பெருகியது. காவலைக் கொன்றால் கள்வனுக்குத் துணிவு பிறக்கும் என்பதே இதனால் அறியப்படுவது.

நமக்கோ இன்னுமொரு கவலை உண்டு. குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மாரிமழை சுண்ணக்கற் பாறையினூடே இறங்கித் தேங்கும் நீரையே பெரும்பாலான கிணறுகள் தருகின்றன. தோட்டத்துக்கு இறைப்பதும் பல வீடுகளிற் குடிப்பதும் அந்நீரே. ஆதலால், தோட்டத்தில் வீணாக ஊற்றப்படும் நஞ்சு, நம் பிள்ளைகள் அருந்தும் நீரையும் ஒருநாள் அடையக்கூடும்.

வண்டுகளை வரவழைக்கும் முறைகள்

1. தோட்டத்தைச் சுற்றி இரண்டொரு வரிசை சோளன் நடுக. வண்டுகள் அதன் மகரந்தத்தை உண்டு தங்கும். பறந்துவரும் அழுக்கணவனையும் அது ஓரளவு தடுக்கும்.

2. பாத்தி ஓரங்களிற் கொத்தமல்லி, சதகுப்பை ஆகியவற்றை விதைத்துப் பூக்கவிடுக. இரை குறைந்த காலத்தில் அப்பூக்களின் மகரந்தமும் தேனும் வண்டுகளுக்கு உணவாகும்.

3. எறும்புகளைக் கட்டுப்படுத்துக. அழுக்கணவன் கழிக்கும் இனிய கசிவுக்காக அவை அதனைக் காத்து, பொறிவண்டைத் துரத்தும். செடியடியிலுள்ள புற்றுகளைக் கிளறி அழித்தல் நன்று.

4. கிழமைக்கு இருமுறை, காலை வேளையில், தோட்டத்தின் பல இடங்களிலுமாக இருபது செடிகளின் தளிர்களைத் திருப்பிப் பார்க்குக. வண்டோ குடம்பியோ பரவலாகக் காணப்படின் மருந்து தெளியாது, மூன்று நான்கு நாட்கள் பொறுத்து மீண்டும் பார்க்குக.

5. அழுக்கணவன் அப்போதும் பெருகுமாயின், ஒரு லீற்றர் நீருக்கு 50 கிராம் வீதம் இடித்த வேப்பம்விதைப் பருப்பை இரவு முழுதும் ஊறவைத்து, வடித்து, சிறிது சவர்க்காரங் கரைத்து, பூச்சி மொய்த்த செடிகளில் மட்டும் மாலையில் தெளிக்குக.

கவனிக்க வேண்டியவை

பொறிவண்டு எல்லா நோய்க்கும் மருந்தன்று. மிளகாய் இலை சுருள்வதற்குப் பனிப்பூச்சியும் சிற்றுண்ணியும் காரணமாகலாம். அவற்றை இவ்வண்டுகளாற் போதிய அளவு அடக்க இயலாது. அழுக்கணவனாற் பரவும் வைரசு நோய் செடியிற் பற்றிவிடின் வண்டு அதனை மாற்றாது. அத்தகைய செடியைப் பிடுங்கி அழித்தலே தக்கது. ஐயமுண்டாயின், நோயுற்ற கிளையொன்றை உங்கள் விவசாயப் போதனாசிரியரிடங் காட்டி ஆலோசனை பெறுக. பூச்சிநாசினி தேவையென அவர் கூறின், குறித்த அளவுக்கு மேற் கலவாது, கிணற்றுக்கு அப்பாலேயே கருவியைக் கழுவுக.

பொறிவண்டு கூலி கேளாது உழைப்பது. அதற்கு நாம் செய்ய வேண்டியது, ஓரத்திற் சில பூச்செடிகளை வளர்ப்பதும் மருந்தெடுக்குமுன் இலையைத் திருப்பிப் பார்ப்பதுமேயாம்.