இரத்தத்தில் கலந்துள்ள கொழுப்பு அமிலங்களும் பக்கவாதமும்

பக்கவாதப் பிரிவில் நோயாளரைச் சேர்த்த மறுநாள் காலையில் குடும்பத்தினர் கேட்கும் கேள்விகளுள் ஒன்று ஏறக்குறைய மாறுவதே இல்லை. “மூன்று மாதத்திற்கு முன்புதான் கொழுப்புப் பரிசோதனை செய்தோம். எல்லாம் சரியாக இருப்பதாகச் சொன்னார்கள். பிறகு எப்படி டாக்டர் இது வந்தது?” கையில் அந்த அறிக்கையும் இருக்கும். மொத்தக் கொலஸ்ட்ரால், எல்.டி.எல்., எச்.டி.எல்., டிரைகிளிசரைடு என்று நான்கைந்து எண்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே இயல்பான அளவு அச்சிடப்பட்டிருக்கும்.

பக்கவாதம் கொழுப்பினால் மட்டும் வருவதன்று என்பதே இதற்கு நான் முதலில் சொல்லும் விடை. உயர் இரத்த அழுத்தமே அதன் தலையாய காரணம். நீரிழிவு, புகையிலை, இதயத் துடிப்பின் ஒழுங்கின்மை ஆகியவையும் முக்கியக் காரணங்கள். இரண்டாவது விடை சற்று நீளமானது. அந்த அறிக்கை இரத்தத்தில் கொழுப்பு எவ்வளவு என்று சொல்கிறதே தவிர, அது எத்தகைய கொழுப்பு அமிலங்களால் ஆனது என்று சொல்வதில்லை. மூட்டையின் எடைச்சீட்டைப் பார்த்து உள்ளே இருப்பது அரிசியா பருப்பா என்று அறிய முடியாதல்லவா, அதைப் போன்றது இது.

டிரைகிளிசரைடு என்பது கிளிசரால் என்னும் சிறு மூலக்கூறுடன் மூன்று கொழுப்பு அமிலங்கள் இணைந்த பொருள். அவை பாமாயிலில் மிகுந்துள்ள பால்மிட்டிக் அமிலமாக இருக்கலாம். நல்லெண்ணெயில் உள்ள லினோலெயிக் அமிலமாக இருக்கலாம். மீனிலிருந்து வந்த ஒமேகா-3 ஆகவும் இருக்கலாம். உடல் இவற்றை எரிபொருளாக மட்டும் பயன்படுத்துவதில்லை. சிவப்பணுக்கள், இரத்தம் உறைவதற்குக் காரணமான தட்டணுக்கள், இரத்தக்குழாயின் உட்சுவர் ஆகியவற்றின் செல் சவ்வுகளில் கொழுப்பு அமிலங்கள் பெரும்பங்கு வகிக்கின்றன. நாம் உண்ணும் கொழுப்பின் வகைக்கேற்ப அச்சவ்வுகளின் சேர்மானமும் மெல்ல மாறுகிறது. மீன் எண்ணெயில் உள்ள இ.பி.ஏ. என்னும் அமிலம் தட்டணுவின் சவ்வில் இடம்பிடிக்கும்போது அத்தட்டணு முன்னைப்போல் எளிதில் ஒட்டித் திரள்வதில்லை. மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாயில் கட்டி உறைந்து அடைத்துக்கொள்வதே பெரும்பாலான பக்கவாதங்களுக்குக் காரணம் என்பதால், ஆய்வாளர்களின் கவனம் இப்பக்கம் திரும்பியது.

கொழுப்பு அமிலங்களைத் தனித்தனியே அளக்கும் பரிசோதனை பெரும்பாலும் ஆராய்ச்சிக்கூடங்களில்தான் நடைபெறுகிறது. உணவைப் பற்றிக் கேட்டறிவதைவிட இரத்தத்தை அளப்பது நம்பகமானது. என் அறையில் “எண்ணெயே சேர்ப்பதில்லை டாக்டர்” என்று சொல்லாத குடும்பம் அரிது. ஆனால் சிவப்பணுக்களின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். எனவே மூன்று மாதச் சர்க்கரையை எச்.பி.ஏ.1.சி. காட்டுவதைப் போலச் சிவப்பணுவின் சவ்வு கடந்த சில மாதங்களின் உணவைக் காட்டிவிடுகிறது. இப்பரிசோதனையை நீங்கள் தேடிச் சென்று செய்துகொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதன் முடிவைக் கொண்டு இன்று எந்த மருத்துவரும் உங்கள் மருந்தை மாற்றப் போவதில்லை.

ஆய்வுகள் கண்டது என்ன? லினோலெயிக் அமிலம் ஒமேகா-6 வகையைச் சேர்ந்தது. நம் உடலால் அதை உருவாக்க இயலாது. உணவிலிருந்து மட்டுமே பெற முடியும். 13 நாடுகளில் நடந்த 30 ஆய்வுகளைச் சேர்ந்த ஏறக்குறைய 69,000 பேரின் தரவுகளை ஒன்றிணைத்து 2019-இல் ஒரு பகுப்பாய்வு வெளியானது. இரத்தத்தில் இவ்வமிலம் குறைவாக இருந்தவர்களைவிட மிகுதியாக இருந்தவர்களுக்கு அடைப்பு வகைப் பக்கவாதம் சுமார் 12 விழுக்காடு குறைவாக இருந்தது. ஒமேகா-6 உடலில் அழற்சியைத் தூண்டி இரத்தக்குழாயைக் கெடுக்கும் என்று கைப்பேசியில் வலம்வரும் செய்திகளுக்கு இந்தத் தரவுகளில் ஆதரவு இல்லை.

ஒமேகா-3 பற்றிய பகுப்பாய்வு இன்னும் பெரியது. 2024-இல் வெளியான அதில் 29 ஆய்வுகளும் 1,83,000-க்கும் மேற்பட்ட மக்களும் அடங்குவர். மக்களை ஐந்து பிரிவுகளாகப் பகுத்து, இ.பி.ஏ. மிக அதிகமாக இருந்த பிரிவினரை மிகக் குறைவாக இருந்த பிரிவினருடன் ஒப்பிட்டபோது பக்கவாதம் 17 விழுக்காடு குறைவாகக் காணப்பட்டது. டி.எச்.ஏ. என்னும் மற்றோர் ஒமேகா-3 அமிலத்திற்கு இது 12 விழுக்காடு. மூளையில் இரத்தம் கசியும் வகைப் பக்கவாதம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இது ஒரு பழைய அச்சத்தைத் தணித்தது. கிரீன்லாந்தில் சீல், மீன் ஆகியவற்றை உண்டு வாழ்ந்த இனூயிட் மக்களை 1970-களில் ஆராய்ந்த டென்மார்க் மருத்துவர்கள், அவர்களுக்குக் காயத்தில் இரத்தம் நிற்க நெடுநேரம் ஆவதைக் கண்டிருந்தனர். அதனால் மீன் மிகுந்தால் மூளையில் கசிவு ஏற்படுமோ என்ற ஐயம் நீண்ட காலம் இருந்தது.

எதிர்த்திசையில் நிற்பவை பால்மிட்டிக் அமிலமும் டிரான்ஸ் கொழுப்பும். பால்மிட்டிக் அமிலம் பாமாயில், நெய், இறைச்சி ஆகியவற்றில் உண்டு. ஆனால் அதைப் பற்றிப் பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. தேவைக்கு மிஞ்சிய மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கொண்டு நம் கல்லீரலே அதை உருவாக்குகிறது. மூன்று வேளையும் தட்டு நிறையச் சோறும் இட்லியும், இடையிடையே இனிப்புத் தேநீரும் எடுத்துக்கொள்பவர் எண்ணெயை எவ்வளவுதான் குறைத்தாலும் இரத்தத்தில் இவ்வமிலம் உயரலாம். “எண்ணெயே சேர்ப்பதில்லை” என்பவர்களின் டிரைகிளிசரைடு 300-ஐத் தாண்டி நிற்பதைக் காணும்போது நான் வியப்பதில்லை. டிரான்ஸ் கொழுப்பைப் பொறுத்தவரை, அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 87,025 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2012-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், உணவில் அதை மிக அதிகமாகச் சேர்த்தவர்களுக்கு அடைப்பு வகைப் பக்கவாதம் 39 விழுக்காடு கூடுதலாக இருந்தது. இந்தியாவில் எண்ணெய், கொழுப்புப் பொருள்களில் இதன் அளவு 2 விழுக்காட்டுக்கு மேல் இருத்தலாகாது என்ற விதி 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது.

இவ்வளவையும் படித்தவர் இயல்பாக எண்ணக்கூடியது, ‘அப்படியானால் மீன் எண்ணெய் மாத்திரை வாங்கிக்கொள்வோம்’ என்பதே. இங்கேதான் தவறு நேர்கிறது. அறுபது வயதைக் கடந்த ஒருவர், முதல் பக்கவாதத்திலிருந்து நன்கு தேறி, கைத்தடி இல்லாமல் நடந்து வீடு திரும்பினார். உறவினர் ஒருவரின் சொல்லைக் கேட்டு ஸ்டாட்டின் மாத்திரையையும் இரத்த அழுத்த மாத்திரையையும் நிறுத்திவிட்டு, ‘இயற்கையானது’ என்று மீன் எண்ணெய் மாத்திரையை மட்டும் எடுத்துவந்தார். ஓராண்டு முடிவதற்குள் மறுபடி வந்தார். இம்முறை பேச்சு போய்விட்டது. அவர் மனைவி அந்த மாத்திரைக் குப்பியைப் பையில் வைத்திருந்தார். ஒரு வேளையும் தவறவிட்டதில்லை என்றார்.

மேற்சொன்ன ஆய்வுகள் தொடர்பைக் காட்டுகின்றன, காரணத்தை மெய்ப்பிக்கவில்லை. இரத்தத்தில் ஒமேகா-3 மிகுந்தவர் பல ஆண்டுகளாக மீன் உண்டவர். அவர் புகைபிடிக்காதவராகவும், நடைப்பயிற்சி செய்பவராகவும் இருக்கக்கூடும். மாத்திரையைக் கொடுத்துப் பார்த்த சோதனைகள் அத்தகைய தெளிவான நன்மையைக் காட்டவில்லை. 25,871 பேருக்கு நடத்தப்பட்டு 2019-இல் வெளியான அமெரிக்கச் சோதனையில், நாளொன்றுக்கு ஒரு கிராம் மீன் எண்ணெய் பக்கவாதத்தைக் குறைக்கவில்லை. டிரைகிளிசரைடு மிகுந்து, ஏற்கெனவே ஸ்டாட்டின் எடுத்துவந்த 8,179 பேருக்கு நாள்தோறும் 4 கிராம் தூய்மைப்படுத்தப்பட்ட இ.பி.ஏ. கொடுத்த சோதனையில் பக்கவாதம் குறைந்தது. ஒப்பீட்டுக் குழுவுக்குத் தரப்பட்ட கனிம எண்ணெயே முடிவை ஓரளவு சாய்த்ததோ என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. இ.பி.ஏ., டி.எச்.ஏ. இரண்டையும் சேர்த்து அதே 4 கிராம் அளவில் 13,078 பேருக்குக் கொடுத்த மற்றொரு சோதனை, பயனில்லை என்று 2020-இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. இந்த 4 கிராம் சோதனைகள் இரண்டிலும் ஒரு பக்கவிளைவு பொதுவாகக் காணப்பட்டது: ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் துடிப்பு ஒழுங்கின்மை சற்றுக் கூடியது. அந்நிலையில் இதயத்தின் மேலறையில் இரத்தம் தேங்கி உறைந்து, அக்கட்டி மூளைக்குச் சென்று பக்கவாதத்தை உண்டாக்கக்கூடும். மருந்துக்கடையில் கிடைக்கும் 1,000 மில்லிகிராம் மாத்திரைகள் பலவற்றில் இவ்விரு அமிலங்களும் சேர்ந்து 300 மில்லிகிராம் அளவே இருக்கும் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

ஆகவே மாத்திரைச் சீட்டில் உள்ளவை அப்படியே தொடரட்டும். மாற்றம் அடுப்படியில் நிகழலாம். மத்தி, அயிலை, நெத்திலி ஆகிய விலை குறைந்த மீன்களில் ஒமேகா-3 நிறைய உண்டு. வஞ்சிரம் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வாரம் இருமுறை குழம்பாக வைத்துக் கொடுங்கள். பலமுறை காய்ந்த எண்ணெயில் பொரித்தால் பயன் போய்விடும். கருவாட்டைத் தவிர்த்துவிடுங்கள்; அதிலுள்ள உப்பு இரத்த அழுத்தத்தை ஏற்றும். பக்கவாதத்திற்குப் பின் விழுங்குவதில் சிரமம் உள்ளவருக்கு மத்தியின் முள் ஆபத்தானது. பேச்சு மற்றும் விழுங்கல் பயிற்சியாளர் அனுமதித்த பிறகே, முள் முழுவதும் நீக்கி மசித்துக் கொடுக்க வேண்டும். ஆளி விதைப் பொடியை உலர்வாகக் கொடுப்பதும் அவர்களுக்குப் புரையேறச் செய்யும்.

மரக்கறி உண்பவர்கள் கவலைகொள்ளத் தேவையில்லை. ஆளி விதை, அக்ரூட் ஆகியவற்றில் உள்ள ஒமேகா-3 வேறு வகையானது. அதில் சிறு பங்கே உடலில் இ.பி.ஏ. ஆக மாறுகிறது. ஆயினும் லினோலெயிக் அமிலம் நல்லெண்ணெய், கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் ஆகியவற்றில் தாராளமாகக் கிடைக்கிறது. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 90 விழுக்காடு நிறைவுற்ற கொழுப்பு; தாளிப்புக்கு எப்போதாவது ஒரு கரண்டி என்றால் நான் தடுப்பதில்லை, அன்றாடச் சமையலுக்கு வேண்டாம். எந்த எண்ணெயாயினும் ஒருவருக்கு மாதம் அரை லிட்டருக்குள் அடங்கட்டும். சோற்றின் அளவைக் குறைத்து அவ்விடத்தில் பருப்பு, சுண்டல், காய்கறி வைப்பது பால்மிட்டிக் அமிலத்தையும் டிரைகிளிசரைடையும் குறைக்க எண்ணெய் மாற்றுவதைப் போலவே உதவும்.

வார்ஃபரின், குளோபிடோக்ரெல், ஆஸ்பிரின் போன்ற மருந்துகளை எடுத்துக்கொள்பவர், ஏற்கெனவே மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டவர், துடிப்பு ஒழுங்கின்மை உள்ளவர் ஆகியோர் மீன் எண்ணெய் மாத்திரையைத் தாமாகத் தொடங்க வேண்டாம். ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தால், அடுத்த முறை புறநோயாளர் பிரிவுக்கு வரும்போது மாத்திரைச் சீட்டுடன் அந்தக் குப்பியையும் எடுத்து வாருங்கள்.