எம்.எல்.ஏ-வின் பி.ஏ என்ன வேலை பார்க்கிறார்? பசுவந்தனையிலிருந்து கோட்டை வரை ஒரு மனுவின் பயணம்

"அண்ணாச்சி, பக்கத்து ஊருக்கெல்லாம் இன்சூரன்ஸ் பணம் ஏறிட்டு. எங்களுக்கு மட்டும் இன்னும் ஏறலை."

தூத்துக்குடி மாவட்டம் பசுவந்தனையில் உளுந்து போட்ட ஒரு விவசாயி காலை ஏழு மணிக்கு இப்படி போன் அடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். போனை எடுப்பவர் எம்.எல்.ஏ அல்ல, அவருடைய பி.ஏ. அதற்கு முன்னால் ஒரு ஆஸ்பத்திரி சிபாரிசும் ஒரு காதுகுத்து அழைப்பும் வந்திருக்கும். இதற்குப் பிறகு காலேஜ் சீட் கேட்டு யாராவது அழைப்பார்கள். பி.ஏ என்றால் டைரி தூக்குபவர், போட்டோவில் ஓரமாக நிற்பவர் என்றுதான் பலருக்கும் தெரியும். ஆனால் அந்த உளுந்து மனு உயிரோடு இருக்குமா, ஃபைலுக்குள் படுத்துவிடுமா என்பது பெரும்பாலும் அவர் கையில்தான்.

மனு எங்கே போகிறது?

பசுவந்தனைக்காரர்களுக்குச் சந்தை கோவில்பட்டி, தாலுகா ஆபீஸ் ஓட்டப்பிடாரம், கலெக்டர் தூத்துக்குடி, சட்டமன்றம் சென்னை. எந்த மனு எந்த ஊருக்குப் போகணும் என்று பிரிப்பதே பாதி வேலை. பட்டா மாறுதலுக்கு வட்டாட்சியர். சிமென்ட் ரோட்டுக்கு பிடிஓ. பயிர்க் காப்பீடு என்றால் அது கொஞ்சம் சுற்று.

பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016-ல் வந்தது. மானாவாரிக் கரிசலில் வறட்சியால் விளைச்சல் குறைந்தால், தனித்தனியாக ஒவ்வொருவர் காட்டையும் பார்த்துப் பணம் தருவதில்லை. அறிவிக்கப்பட்ட ஒரு பகுதிக்குள் சில இடங்களில் சோதனை அறுவடை செய்து, சராசரி விளைச்சல் எவ்வளவு குறைந்தது என்று கணக்குப் போட்டு அந்தப் பகுதி முழுவதற்கும் இழப்பீட்டை முடிவு செய்கிறார்கள். அதனால்தான் வரப்புக்கு இந்தப் பக்கம் பணம் வரும், அந்தப் பக்கம் வராது.

விவரம் தெரியாத பி.ஏ, "ஆவன செய்யவும்" என்று ஒரு லெட்டர் டைப் செய்து, எம்.எல்.ஏ-விடம் கையெழுத்து வாங்கி கலெக்டருக்கு அனுப்பிவிடுவார். விவரமானவர் முதலில் விவசாயியிடம் அடங்கல், பிரீமியம் கட்டிய ரசீது, வங்கிக் கணக்கு மூன்றையும் கேட்பார். அதில் பிழை இல்லையென்றால், இந்தப் பகுதியில் எத்தனை இடத்தில் சோதனை அறுவடை நடந்தது, சராசரி என்ன வந்தது என்று வேளாண் துறையிடம் எழுத்தில் கேட்பார். பதில் வராவிட்டால் அதையே சட்டமன்றக் கேள்வியாக எழுதித் தருவார். ஒரு ஆளின் பிரச்சினை அப்போதுதான் ஊர்ப் பிரச்சினையாக மாறுகிறது.

சட்டமன்றம் நடக்கும் நாட்களில் இந்த எழுத்து வேலை இன்னும் கூடும். கேள்வி நேரத்துக்கான கேள்விகள், கவன ஈர்ப்பு, மானியக் கோரிக்கை மீது பேச இரண்டு பக்கக் குறிப்பு எல்லாம் தயாராக வேண்டும். 2022 ஆகஸ்டில் 'உங்கள் தொகுதியில் முதலமைச்சர்' திட்டத்துக்காக, 234 எம்.எல்.ஏ-க்களும் தங்கள் தொகுதியின் 10 முக்கியக் கோரிக்கைகளைக் கலெக்டரிடம் கொடுக்கச் சொல்லி முதல்வர் ஸ்டாலின் கடிதம் எழுதினார். வெறும் 10! கட்டுக்கட்டாகக் கிடக்கும் மனுக்களிலிருந்து எந்த ஊர் கண்மாய் உள்ளே, எந்த ஊர் பாலம் வெளியே என்று முதல் வடிகட்டல் செய்வது யாராக இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

சம்பளம் யார் தருவது?

இங்கேதான் சிக்கல். 2017 ஜூலையில் தமிழக எம்.எல்.ஏ-க்களின் மாத ஊதியம் 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ரூபாயாக உயர்ந்தது. அதில் தொகுதிப் படி 25,000, வாகனப் படி 25,000, தொலைபேசிக்கு 7,500, தபாலுக்குக்கூட 2,500 ரூபாய் உண்டு. உதவியாளருக்கு என்று தனி வரி இல்லை. தபால் ஒட்டக் காசு உண்டு, தபால் எழுதுபவருக்கு இல்லை!

எம்.பி-க்கள் கதை வேறு. 2018-ல் மாற்றியமைக்கப்பட்டபோது அவர்களின் அலுவலகச் செலவுப் படி மாதம் 60,000 ரூபாய். அதில் 40,000 உதவியாளருக்கானது, நாடாளுமன்றச் செயலகமே நேரடியாகத் தரும். எம்.எல்.ஏ-வின் பி.ஏ-வுக்குத் தேர்வும் இல்லை, அறிவிப்பும் இல்லை. கட்சிக்காரரோ சொந்தக்காரரோ நம்பிக்கையான ஒருவர் வருவார். வேலை தெரிந்தவர் அமைவது தொகுதியின் அதிர்ஷ்டம்.

எம்.எல்.ஏ போனால்?

பி.ஏ-வும் போவார். கரிசல்காரர்கள் இதைக் கண்ணால் பார்த்தவர்கள். 2017 செப்டம்பர் 18-ல் 18 எம்.எல்.ஏ-க்களைச் சபாநாயகர் தனபால் தகுதிநீக்கம் செய்தார். அதில் ஓட்டப்பிடாரமும் உண்டு, பக்கத்துத் தொகுதியான விளாத்திகுளமும் உண்டு. ஓட்டப்பிடாரத்தில் 2016 தேர்தல் வழக்கும் நிலுவையில் இருந்ததால் இடைத்தேர்தல் இன்னும் தள்ளிப்போய், 2019 மே 19-ல்தான் வாக்குப்பதிவு நடந்தது. முடிவு மே 23. இரண்டு தொகுதிக்கும் சேர்த்துப் பார்த்தால் 20 மாதம் எம்.எல்.ஏ கிடையாது.

அந்த இடைவெளியில்தான் 2018-ல் படைப்புழு வந்து மக்காச்சோளத்தைத் தின்றது. மனுவோடு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளுக்குப் போகலாம், போனார்கள். ஆனால் அந்த மனுவைக் கேள்வியாக மாற்றிச் சபையில் வைக்க இந்த இரண்டு தொகுதிக்கும் ஆள் இல்லை.

இந்த வேலைக்கு இளைஞர்கள் வர முடியுமா?

டெல்லியில் வழி இருக்கிறது. பி.ஆர்.எஸ் அமைப்பின் 'லாம்ப்' ஃபெல்லோஷிப் 2010-ல் தொடங்கியது. 25 வயது வரை உள்ள பட்டதாரிகளைத் தேர்ந்தெடுத்து, ஆளுக்கொரு எம்.பி-யிடம் ஆய்வு உதவியாளராக அனுப்புகிறது, உதவித்தொகையும் உண்டு. தமிழ்நாட்டு எம்.எல்.ஏ ஆபீசில் நுழைய இன்னமும் அறிமுகம்தான் வழி.

அதனால் மனு கொடுப்பவர்கள் ஒன்று செய்யலாம். சர்வே எண், காப்பீட்டு விண்ணப்ப எண், மனு கொடுத்த தேதி மூன்றையும் எழுதி ஒரு ஜெராக்ஸ் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஆபீசில் ஆள் மாறினால், பழைய மனு எங்கே என்று புது பி.ஏ உங்களிடம்தான் கேட்பார்.