உஷார்! ஓடச் சொல்வதற்கு முன் தொடையைத் தொட்டுப் பாருங்கள்

அந்த வீடியோ 19 நிமிடம் ஓடும். முதல் ஆறு விநாடியைத்தான் நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

பாராகிளைடிங்குக்குப் பேர்போன, இமாசலத்தின் பில்லிங் மலைச்சரிவு. அக்டோபர் மாதத்து இளவெயில். முன்னால் நான், என் முதுகோடு ஒட்டினாற்போல் பைலட். “பாகோ, பாகோ! பைட்னா மத்!” என்று கத்துகிறார். ஓடு, உட்கார்ந்துவிடாதே. நான் ஓடுகிறேன். என் வலது தொடைக்குக் கீழே ஒரு பட்டை, எதிலும் மாட்டப்படாமல், ஆட்டுவால் மாதிரி ஆடிக்கொண்டு கூடவே வருகிறது. ஆறாவது விநாடியில் காலுக்குக் கீழே தரை இல்லை.

அது தொடையைச் சுற்றி மாட்ட வேண்டிய பட்டை என்பதே எனக்கு அப்போது தெரியாது. நீளம் அதிகமாகிப்போன வார் என்று நினைத்துக்கொண்டேன். அன்று இரவு ஹாஸ்டலில் ஐந்து பேரும் ஒரே போனைச் சுற்றிப் படுத்துக்கொண்டு பார்த்தபோதுதான் ஒருத்தன் கேட்டான்: “டேய், அது என்னடா தொங்குது?”

சிரித்தோம். “பாதி பெல்ட்டுதான் போட்டான்னு பாதிக் காசைத் திருப்பிக் கேளு மச்சி” என்றான் இன்னொருத்தன். மறுநாள் விடிகாலை எங்களுக்கு பஸ். பறக்கவிட்டவர்களிடம் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதே ஹார்னஸை அதே கைகள் அன்று எத்தனை பேருக்கு மாட்டினவோ.

இடது தொடைப் பட்டையும் நெஞ்சுப் பட்டையும் சரியாக இருந்ததால் நான் இன்று இதை எழுதுகிறேன். எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. 2024 பிப்ரவரியில், இமாசலத்தின் குல்லு பக்கம் டோபி என்ற ஊரில், தெலங்கானாவிலிருந்து சுற்றுலா வந்த 26 வயதுப் பெண், பைலட்டோடு சேர்ந்து இருவராகப் பறக்கும் டேன்டம் பாராகிளைடரிலிருந்து விழுந்து இறந்தார். பைலட் கைதானார். பெல்ட் சரியாக மாட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவில்லை என்பதுதான் அவர்மேல் இருந்த புகார். அதே டோபியில் 2022 டிசம்பரில் மகாராஷ்டிரத்துக்காரர் ஒருவர் நடுவானிலிருந்து விழுந்தார். 2025 ஜனவரியில் ஒரே வாரக்கடைசியில் மூன்று ஊர்களில் சாவு. குல்லுவின் கட்ஸாவில் இரண்டு கிளைடர்கள் மோதிக்கொண்டதில் தமிழ்நாட்டு இளைஞர் ஒருவர், தரம்சாலாவில் குஜராத்திலிருந்து போயிருந்த ஒரு பெண், கோவாவின் கேரியில் பயணியும் பைலட்டும் சேர்ந்தே. செத்தவர்களில் ஒரு பைலட்டைத் தவிர மற்றவர்கள் யாரும் சாகசக்காரர்கள் இல்லை. விடுமுறைக்குப் போனவர்கள், நம்மைப் போல.

இப்போது அந்தப் பட்டையைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். போகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு இது தெரியாது என்று என்னால் பந்தயம் கட்ட முடியும்.

டேன்டத்தில் பயணிக்கு ஒரு நாற்காலி மாதிரியான ஹார்னஸ் தருவார்கள். அதில் இரண்டு தொடைகளுக்கும் இரண்டு பட்டைகள், நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு பட்டை. இரண்டு தோள்பக்கமும் இரண்டு காரபினர் கொக்கிகள். நம்மையும் பைலட்டையும் மேலே இருக்கும் துணியோடு சேர்ப்பவை அந்தக் கொக்கிகள்தான். உட்கார்ந்தபிறகு எல்லாம் சொகுசு. ஆபத்து அதற்கு முன்னால் இருக்கிறது. ஓடித் தரையை விடும் அந்த நேரத்தில் நாம் நாற்காலியில் இல்லை, நின்றுகொண்டிருக்கிறோம். அந்த நிலையில் உடலின் எடையைத் தாங்குவது தொடைப் பட்டைகள். அவை இல்லையென்றால் நாம் கீழே நழுவுவோம், நெஞ்சுப் பட்டை மேலேறிக் கக்கத்தில் வந்து நிற்கும். இரண்டு கையையும் பலகையில் ஊன்றித் தொங்குவது போன்ற நிலை. பின்னாலிருக்கும் பைலட்டின் இரண்டு கைகளும் பிரேக்கில் இருக்கும். நம்மைத் தூக்கி உள்ளே போட அவருக்குக் கை மிச்சமில்லை. தரையோ ஏற்கெனவே தென்னை உயரம் கீழே போயிருக்கும். ஒரு சராசரி மனிதன் தன் எடையைத் தானே எத்தனை நிமிடம் தாங்குவான்? வீட்டு வாசல் நிலையில் தொங்கிப் பாருங்கள்.

எனவே: இரண்டு தொடை, ஒரு நெஞ்சு, இரண்டு கொக்கி. கண்ணால் பார்த்தால் போதாது, கையால் தொட்டு இழுக்க வேண்டும். கொக்கியில் திருகுபூட்டு இருந்தால் அது மூடியிருக்கிறதா என்றும். பைலட் அவசரப்படுத்தினால் “ஏக் மினிட் பாய்யா” என்று சொல்ல இந்தி இலக்கணம் தேவையில்லை.

சரி, ஐந்து பேர் இருந்தும் ஏன் எங்கள் கண்ணில் படவில்லை? ஐந்து பேர் இருந்ததால்தான். தனியாகப் போயிருந்தால் பயத்தில் நானே ஒவ்வொரு பட்டையையும் பத்துத் தடவை பார்த்திருப்பேன். நண்பர்கள் கூட இருக்கும்போது பயத்தைக் காட்ட முடியாது. நான்கு பேரும் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். நாலு கேமராவும் என் முகத்தைத்தான் பார்த்தன. மாட்டிவிட வந்த பையன் இடது பக்கம் மாட்டி முடித்தபோது பக்கத்து கிளைடரிலிருந்து அவனை யாரோ கூப்பிட்டார்கள். அவன் போனான். பைலட் அவன் முடித்துவிட்டான் என்று நினைத்தார். நான் பைலட் பார்த்திருப்பார் என்று நினைத்தேன். நண்பர்கள் நான் பார்த்திருப்பேன் என்று நினைத்தார்கள். ஊர்கூடித் தேர் இழுப்பது என்பார்களே, இங்கே அவரவர் அடுத்தவர் வடத்தைப் பிடித்திருக்கிறார் என்று கையை விட்டிருந்தோம்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். பேரம் பேசினோம். ஐந்து பேர் வருகிறோம், குறைத்துக்கொள் என்று மூன்று கடை ஏறி இறங்கி, கடைசியில் ஒப்புக்கொண்ட ஆளிடம் போனோம். சட்டையில் பேரம் பேசினால் சாயம் போகும். இதில் பேரம் பேசினால் குறைவது நேரம். குறைந்த காசுக்கு அதே வருமானம் வேண்டுமென்றால் அந்த பைலட் அன்று கூடுதலாக இரண்டு தடவை மேலே வந்தாக வேண்டும். காற்று நன்றாக இருக்கும் சில மணி நேரத்துக்குள். அப்போது ஒவ்வொரு பயணிக்கும் கிடைக்கும் விநாடிகளைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நாங்கள் போன ஊரின் பெயரைக் கேட்டுச் சிரிக்காத தமிழன் இருக்க முடியாது. பீர். அங்கிருந்து மலையேறினால் பில்லிங். ஏறுமிடம் சுமார் 2,400 மீட்டர், இறங்குமிடம் அதைவிட ஏறக்குறைய 900 மீட்டர் கீழே. 2015-ல் பாராகிளைடிங் உலகக் கோப்பைப் போட்டி நடந்த இடம். தௌலாதார் மலைத்தொடர் முதுகுக்குப் பின்னால் சுவர் மாதிரி நிற்க, வெயில் ஏற ஏறச் சரிவுகள் சூடாகி காற்று மேலே கிளம்பும். தெர்மல் என்பார்கள். உலகக் கோப்பைக்காரர்களுக்கு அது வரம், அதைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் பறப்பார்கள். அதே காற்று நண்பகலில் முறுக்கிக்கொண்டால் துணியின் ஒரு பக்கத்தை மடித்துப் போட்டுவிடும். ஆகவே பைலட் வானத்தைப் பார்த்து “இப்போது வேண்டாம், காத்திருங்கள்” என்றால் அவர் காலில் விழுந்து கும்பிடலாம். நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? எங்களுக்கு முன்னால் நின்ற வேறொரு குழு அப்படிச் சொன்ன பைலட்டிடம் சண்டை போட்டது. ராத்திரி பஸ், டிக்கெட் போட்டாகிவிட்டது, இன்றைக்கே பறந்தாக வேண்டும். நாங்கள் அந்தக் குழுவுக்கு ஆதரவாகத் தலையாட்டினோம்.

பையைத் தூக்கிக்கொண்டு போகும் பயணத்தின் சாபம் இதுதான். எல்லாமே கடைசி நாளுக்குத் தள்ளிப்போகும். இரவு பஸ்ஸில் தூங்காத கண், முந்தைய நாள் கூத்து, நாளைக்கு வேறு ஊர். ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளாமல் பீருக்குப் போகாதீர்கள். முந்தைய இரவு பீர் வேண்டவே வேண்டாம்.

விதிகள் இல்லையா என்றால், இருக்கின்றன. இமாசலத்தில் ஏரோ ஸ்போர்ட்ஸ் விதிகள் 2004-லேயே வந்துவிட்டன. ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை மழைக்காலத் தடை உண்டு. டேன்டம் ஓட்டத் தனியாக அனுமதி வேண்டும். தனியாகப் பறக்கத் தெரிந்தவரெல்லாம் பயணியை ஏற்ற முடியாது. பீரில் பெங்களூருச் சிறுவன் ஒருவன் இறந்தபிறகு, 2022 தொடக்கத்தில் உயர் நீதிமன்றமே தலையிட்டு, பரிசோதனை முடியும்வரை மாநிலம் முழுக்க இந்த விளையாட்டுகளை நிறுத்தி வைத்தது. அதற்குப் பிறகும் மேலே சொன்ன சாவுகள். அனுமதி அட்டையைக் காட்டச் சொல்லுங்கள், படத்தையும் ஆளையும் ஒப்பிடுங்கள். கடையில் பேசிய ஆள் வேறு, மேலே நம்மோடு பறக்கும் ஆள் வேறு. கேட்க வேண்டியது மேலே.

ரிஷிகேஷில் கங்கையில் ராஃப்டிங் போகிற கதை வேறு மாதிரி. அங்கே ஆளை ஏமாற்றுவது நம்முடைய நீச்சல்.

கிணற்றில் குதித்து வளர்ந்தவர்கள் நாம். அந்தத் திமிர் கங்கையில் உதவாது. சிவபுரியிலிருந்து ராஃப்ட் கிளம்பும்போது கைடு ஒரு பாடம் எடுப்பார். ரோலர் கோஸ்டர், கோல்ஃப் கோர்ஸ் என்று விளையாட்டுப் பெயர் வைத்த நீர்ப்பாய்ச்சல்கள் முன்னால் காத்திருக்கும். அந்தப் பாடம் நடக்கும்போது குழுவில் பாதிப் பேர் செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பார்கள். அவர் சொல்வதில் ஒன்று மட்டும் நினைவிருந்தால் போதும்: விழுந்தால் எழுந்து நிற்காதே. இடுப்பளவு நீர்தானே என்று காலை ஊன்றினால் பாறை இடுக்கில் பாதம் சிக்கும். பின்னாலிருந்து வரும் வேகம் உடம்பை முன்னால் மடக்கி முகத்தை நீருக்குள் அழுத்தும். லைஃப் ஜாக்கெட் போட்டவனும் அப்படி இடுப்பளவு நீரில் போயிருக்கிறான். மல்லாக்கப் படுத்து, கால் விரல்கள் நீருக்கு மேலே தெரிய, பாதம் நீர்போகும் திசையில் இருக்க மிதந்துகொண்டே போக வேண்டும். கயிறு வீசினால் மார்போடு பிடித்துக்கொள்ள வேண்டும், கையில் சுற்றக் கூடாது. பனியுருகிய நீர் என்பதால் விழுந்த உடனே மூச்சு தானாக இழுக்கும். வாய் நீருக்குள் இருந்தால் அந்த முதல் இழுப்பே போதும். கொஞ்ச நேரத்தில் அது அடங்கும், அதுவரை பதறக் கூடாது.

ஜாக்கெட் பொருந்துகிறதா என்று பார்க்க நண்பனை விட்டுத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். காது வரை ஏறினால் அது சட்டை, ஜாக்கெட் இல்லை. துடுப்பின் மேல்முனைப் பிடியிலிருந்து கையை எடுக்காதீர்கள். பல் உடைய பாறை தேவையில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் துடுப்பு போதும்.

நீரில் இறங்காமலே போனவர்களும் உண்டு. 2014 ஜூன் 8. ஹைதராபாத் பொறியியல் கல்லூரி மாணவர்கள், இமாசலத்தில் பியாஸ் ஆற்றுப் பாறைகளில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேலே லார்ஜி அணையில் தண்ணீர் திறந்தார்கள். 24 மாணவர்கள் அடித்துச் செல்லப்பட்டார்கள். மலையாற்றில் வானம் தெளிவாக இருப்பதற்கும் நீர்மட்டத்துக்கும் சம்பந்தமில்லை. கலங்கல் கூடினாலோ, காலடிப் பாறை சற்று முன்னைவிட நனைந்திருந்தாலோ, படத்தை அப்படியே விட்டுவிட்டு மேலே ஏறுங்கள்.

அந்தமானில் கடைசி நாள் காலையில் ஸ்கூபா, மாலையில் விமானம் என்று திட்டம் போடுகிறவர்களுக்கு ஒரே வரி. ஒரு முறை மூழ்கியிருந்தாலே குறைந்தது 12 மணி நேரம், பல முறை என்றால் 18 மணி நேரம் கழித்துத்தான் பறக்க வேண்டும். ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் விமானத்தின் குறைந்த அழுத்தத்தில் சோடாக் குமிழாக மாறும்.

கையெழுத்து வாங்கும் தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘என் சொந்தப் பொறுப்பில்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டோமே என்று பயந்து வாயைப் பொத்திக்கொள்ள வேண்டியதில்லை. அடுத்தவர் அலட்சியத்துக்கு அந்தத் தாள் பாவமன்னிப்பு ஆகாது. டோபியில் பைலட் கைதானதை மேலே சொன்னேன். பயணக் காப்பீட்டைத்தான் பொடியெழுத்து வரை படிக்க வேண்டும். சாகச விளையாட்டு விலக்கு என்று பல பாலிசிகளில் இருக்கும், கூடுதல் தொகை கட்டினால் சேர்ப்பார்கள்.

என் அக்கா மகன் அடுத்த மாதம் பீர் போகிறான். அவனும் நான்கு நண்பர்களும். போன வாரம் அவனுக்கு அந்த ஆறு விநாடி வீடியோவை அனுப்பினேன். போன் செய்தும் சொன்னேன்: ஒருத்தன் பறக்கப் போகும்போது இன்னொருத்தன் கிட்டப் போய் இரண்டு தொடையையும் நெஞ்சையும் தொட்டுப் பார்க்கணும், மாற்றி மாற்றி, அதுவரைக்கும் எவனும் ஓடக் கூடாது.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு கேட்டான்:

“சரி மாமா, செக் பண்றேன். அப்போ வீடியோ யாரு எடுப்பா?”