ரோமில் படித்தவர், தமிழுக்காக மீண்டும் மாணவரானார்!

கூடுவாஞ்சேரியில் மின்சார ரயில் ஏறி, நுங்கம்பாக்கத்துக்கு ஜெர்மன் வகுப்புக்குப் போகிறவரா நீங்கள்? அப்படியென்றால் தனிநாயகம் அடிகளின் கதை உங்களுக்குத்தான்.

1913-ல் யாழ்ப்பாணத் தீவுப் பகுதியில் பிறந்தவர். ரோமில் இறையியல் படித்து, 1938-ல் பாதிரியார் ஆனார். லத்தீன், இத்தாலியன், பிரெஞ்சு என்று பல மொழிகள் கைவசம். பிறகு நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் பள்ளிக்கு ஆசிரியராக வந்தார். அங்கேதான் உறைத்தது, தன் தாய்மொழியில் தான் படித்தது ரொம்பக் கொஞ்சம் என்று!

வேறொருவர் என்றால் ஆங்கிலத்தை வைத்தே காலத்தை ஓட்டியிருப்பார். இவரோ அங்கேயே ஒரு பண்டிதரிடம் பாடம் கேட்டார். 1945-ல், முப்பது வயதைத் தாண்டியபின், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் எம்.ஏ. சேர்ந்தார். ஆசிரியராக இருந்தவர் மறுபடி மாணவராவது லேசுப்பட்ட காரியமா என்ன?

வெளிநாட்டில் கற்ற மொழிகளும் வீண்போகவில்லை. சங்கப் பாடல்களின் இயற்கை வர்ணனையை கிரேக்க, லத்தீன் கவிதைகளோடு ஒப்பிட்டு எழுத அவைதான் கைகொடுத்தன. 1679-ல் அச்சான புரோயென்சா பாதிரியாரின் தமிழ் - போர்ச்சுகீசிய அகராதி வாட்டிகன் நூலகத்தில் இவர் கண்ணில்தான் பட்டது.

1961-ல் மலாயா பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறைத் தலைவரானார். முதல் உலகத் தமிழ் மாநாடு 1966-ல் கோலாலம்பூரில் கூடியது இவர் முயற்சியால்தான். கிட்டத்தட்ட முந்நூறு ஆண்டு தூங்கிக்கிடந்த அந்த அகராதியையும் அதே ஆண்டு, அதே பல்கலைக்கழகத்தின் மூலம் மறுபடி அச்சேற்றிவிட்டார்!