தேரூர்க் குளம் வயலுக்கு நகர்ந்த கதை

குமரி மாவட்டத்துத் தேரூர்க் குளம் ஒன்றுதான். அதன் வரைபடங்கள் பல. வருவாய்த் துறையிடம் புல எண்ணோடு ஒன்று, பாசனத்துக்கு மடையும் மறுகாலும் காட்டும் ஒன்று, 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் ஏறியபின் பறவைகளுக்காக ஒன்று. இவற்றைக் கண்ணாடித் தாள்கள்போல ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கும் கணினி ஏற்பாடுதான் ஜிஐஎஸ். ஒவ்வொரு புள்ளிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை. கூடவே பட்டா, பரப்பு, பயிர் என்று ஓர் அட்டவணை. "கரையைத் தாண்டி உள்ளே வந்த மனை எது?" என்று கேட்டால் கொஞ்ச நேரத்தில் சிவப்பில் காட்டிவிடும்.

தாள்கள் பொருந்தினால்தானே! பழைய சர்வே ஆஃப் இந்தியா படங்கள் 1830ஆம் ஆண்டின் எவரெஸ்ட் கணக்குப்படி பூமியை அளந்தவை. நம் கைபேசியின் ஜிபிஎஸ் கணக்கு வேறு. இரண்டுக்கும் இங்கே நூறு மீட்டருக்கு மேலேயே வித்தியாசம் வரும். மாற்றாமல் ஏற்றினால் குளத்தங்கரை பக்கத்து வயலில் போய் உட்காரும். கிராமத்துப் புலப்படத்தின் சிக்கல் வேறு: கல்லுக்குக் கல் சங்கிலி பிடித்து அளந்தது அது. வரப்பைத் தள்ளிப் போட்டவர் கல்லையும் பிடுங்கியிருந்தால் எதை நம்புவது? பெயரும் படுத்தும். குளச்சல் என்றும் குளைச்சல் என்றும் எழுதினால் கணினிக்கு அவை இரண்டு ஊர்கள்.

இதெல்லாம் உழைத்தால் தீரும். தரவைக் கேட்டு வாங்குவதுதான் பெரும்பாடு. கடற்கரையிலிருந்து 80 கிலோமீட்டருக்குள் உள்ள பகுதிகளின் விரிவான படங்கள் நெடுங்காலம் பொதுமக்களுக்குக் கிடையாது. குமரி மாவட்டத்தில் எந்த மூலைக்குப் போனாலும் கடல் அதைவிடப் பக்கம். ஆக மொத்த மாவட்டமும் ரகசியம்! 2005இல் தேசிய வரைபடக் கொள்கை வந்து கட்டுப்பாட்டைக் கொஞ்சம் தளர்த்தியது. அதே ஆண்டு வெளியான கூகுள் எர்த் நம் வீட்டுக் கூரையையே காட்டிக்கொண்டிருந்தது. இந்தியர்களுக்கு உரிமக் கட்டுப்பாடு பெரும்பாலும் நீங்கியது 2021 பிப்ரவரியில்.

அரசை மட்டும் குறை சொல்வானேன்? கடலில் மீனவரும் இடத்தை மறைப்பவர்தான். வள்ளத்திலிருந்து பார்த்தால் கோவில் கோபுரத்துக்கு நேர் பின்னால் ஒரு மலைமுகடு, பக்கவாட்டில் இன்னொரு ஜோடி. இரண்டு கோடும் வெட்டுமிடத்தில் பார் என்னும் கடலடிப் பாறைத்திட்டு. இந்தக் குறிபார்த்தலுக்குக் கடற்கரையில் கணிச்சம் என்று பெயர். இன்று அந்த இடம் ஜிபிஎஸ் கருவியில் எண்ணாக இருக்கிறது. அந்த எண்ணை அடுத்த வள்ளத்துக்காரர் கேட்டால் சிரிப்புதான் பதில். சொன்னால் நாளைக்கே அங்கே இழுவைமடி இறங்கும். பாரும் போகும், மீனும் போகும்.