கட்சிகளின் தவறுகளை வகுப்பறையில் பேசலாமா?

குண்டடம் வட்டாரத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். என் ஒன்பதாம் வகுப்பில் ஒடிசாவிலிருந்து வந்த பனியன் தொழிலாளியின் மகள் படிக்கிறாள். தேர்தல் பாடத்தின்போது ஒரு மாணவன், "வடக்கத்திக்காரங்களுக்கு இங்க எதுக்குங்க சார் ஓட்டு?" என்றான். அவள் முன் பெஞ்சில்தான் இருந்தாள். அவனை அதட்டி உட்கார வைப்பதில் பயனில்லை. அவளை எடுத்துக்காட்டாக நிறுத்தவும் மனமில்லை. மறுநாள், தமிழர்களின் ஓட்டு பறிபோன வரலாற்றைப் பாடமாக எடுத்தேன்.

தமிழகத்திலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போனவர்களின் வழிவந்தோர் மலையகத் தமிழர். 1947 தேர்தலில் அவர்களது இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களில் வென்றது. மறு ஆண்டே டி.எஸ். சேனநாயக்காவின் ஐக்கிய தேசியக் கட்சி அரசு குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தது. இலங்கையில் பிறந்தது மட்டும் போதாது. தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ அங்கே பிறந்ததை நிறுவ வேண்டும். சுமார் 7 லட்சம் பேர் நாடற்றவர் ஆயினர். 1949இல் வாக்குரிமையும் போயிற்று.

"உங்கள் தாத்தாவின் பிறப்புச் சான்றிதழ் வீட்டில் இருக்கிறதா?" என்று கேட்டேன். இரண்டு கைகளே உயர்ந்தன. முந்தைய நாள் கேள்வி கேட்டவன் கை உயரவில்லை.

சொல்லத் தயங்கிய பகுதி அடுத்தது. ஜி.ஜி. பொன்னம்பலத்தின் தமிழ்க் காங்கிரஸ் முதல் சட்டத்தை எதிர்த்தது. ஆனால் அதே ஆண்டில் அவர் அந்த அரசிலேயே அமைச்சரானார். 1949இல் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டத்தை ஆதரித்தார். "நம்ம ஆளுகளேவா சார்?" என்றாள் ஒரு மாணவி. ஆமாம் என்றேன். அதை ஏற்காத செல்வநாயகம் பிரிந்து தமிழரசுக் கட்சியைத் தொடங்கியதையும் சொன்னேன்.

1964இல் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், 5.25 லட்சம் பேரை இந்தியாவுக்கும் 3 லட்சம் பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் அப்படித் தாயகம் திரும்பியோருக்காகவே தொடங்கப்பட்டவை.

"அந்தக் கட்சி இப்பவும் அப்படித்தானுங்களா?" என்ற கேள்வி வந்தது. எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003இல் நிறைவேறியபோது ஆட்சியில் இருந்ததும் ஐக்கிய தேசியக் கட்சிதான். அதனால் 1948 அழிந்துவிடாது. 1948ஐச் சொல்லி 2003ஐ மறைக்கவும் கூடாது.

இவ்வகைப் பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்கு என் அனுபவத்தில் நான்கு குறிப்புகள்:

1. கட்சியின் பெயரை ஆண்டோடும் சட்டத்தோடும் சேர்த்துச் சொல்லுங்கள். அடைமொழி வேண்டாம்.
2. நம் பக்கத்துத் தவறை விட்டுவிடாதீர்கள். விட்டால் அது பாடமல்ல, பிரசாரம்.
3. பின்னர் வந்த மாற்றத்தையும் சொல்லுங்கள்.
4. எந்தக் கட்சித் தொண்டரின் பிள்ளையையும் அக்கட்சிக்காகப் பதில் சொல்ல வைக்காதீர்கள்.

அந்த மாணவன் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. ஒரு வாரம் கழித்து வந்து, "ஊர் மாறி வந்தவங்க இங்க ஓட்டர் லிஸ்ட்ல பேர் சேர்க்க என்னங்க சார் பண்ணணும்?" என்று கேட்டான். அடுத்த வகுப்பில் அதைத்தான் நடத்தினேன்.